கூரையில் விழுந்த காய்

டொம்மென்று கூரையில் ஏதோ விழுந்தது.

"பைன் காய்தான். தினமும் விழுது," என்றபடி காபி ஊற்றினாள் வீட்டுக்காரி சாய்மி.

அந்த ஏரிக்கரை வீட்டைப் பார்க்க வந்த விருதுக் குழுவினர் காலுறையோடு நின்றார்கள். "இதுக்காக ஒரு மரத்தைக்கூட வெட்டலை," என்று கட்டடக் கலைஞர் தர்மோ அப்போதுதான் அவர்களிடம் பெருமையடித்திருந்தார். உண்மையில், சாய்மி ஊரில் இல்லாதபோது ஒரு பைன் மரத்தைச் சாய்த்திருந்தார். அது நின்ற இடத்தில்தான் இந்தக் கூடம்.

நடுவர் குய்ஸ்மா வெளியே போய், பிசின் வடியும் பச்சைக் காயோடு திரும்பினார்.

"கூரைக்கு மேல ஒரு கிளைகூட இல்லையே. அணில் குறிபார்த்து எறியுதா என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். தர்மோவின் காதுமடல் சுட்டது. மறுபடியும் டொம்.

சாய்மி அவர் கோப்பையை நிரப்பக் குனிந்தாள்.

"எனக்குத் தெரியும், தர்மோ. நீங்களே சொல்லுவீங்கன்னுதான் ரெண்டு வருஷமா கேக்கலை."