பொய் பிடிக்கும் பெட்டி

சிவப்பு விளக்கு எரிந்ததும் பி.டி. மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"காலையில பஸ் லேட்டுன்னுதானே சொன்னேன். அதுக்கு ஏன் எரியுது?"

"பொய்யா இருந்தா எரியும் சார்," என்றாள் பதினோராம் வகுப்புப் பெண். வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, தூங்கிட்டேன். போதுமா?"

விளக்கு அணைந்தது.

புத்தகத்தை மூடிவிட்டு, தானாக யோசிக்கும் கருவி ஒன்றைக் கையால் செய்து காட்ட வேண்டும் என்பது கம்ப்யூட்டர் மேடம் போட்ட சட்டம். மனிதனே யோசிக்காத காலத்தில் இது ஒரு கூத்து. வாயாடி செய்தது, குரலைக் கேட்டுப் பொய்யைப் பிடிக்கும் பெட்டி. ஒரு மைக், ஒரு விளக்கு, பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர், மேசைக்கடியில் நாலைந்து வயர்.

தலைமை ஆசிரியருக்கு இதிலெல்லாம் துளி நம்பிக்கை கிடையாது. பெட்டி பல்லிளித்தால் நாளைக்கே கம்ப்யூட்டர் அறையைக் காலி செய்து உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார். மேடம் கதவோரமாக நின்றுகொண்டார்.

அடுத்து கணக்கு வாத்தியார் உட்கார்ந்தார். "பரீட்சைப் பேப்பர் எல்லாம் திருத்தியாச்சு."

சிவப்பு.

"பாதி."

மறுபடியும் சிவப்பு.

"பேப்பர் கட்டையே பிரிக்கலம்மா. ஆளை விடு."

தலைமை ஆசிரியர் உதட்டைப் பிதுக்கினார். "இவங்க லட்சணம் ஸ்கூலுக்கே தெரியும். இதுக்கு ஒரு மெஷினா?"

"அப்ப நீங்க உட்காருங்க சார்," என்றாள் வாயாடி. " புதுக் கம்ப்யூட்டர் கேட்டு மேடம் குடுத்த லெட்டரை மேல அனுப்பிட்டீங்களா?"

"அது அப்பவே போயாச்சே."

சிவப்பு. பி.டி. மாஸ்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன். அனுப்பணும்."

விளக்கு முறைத்தது. தலைமை ஆசிரியர் ஜன்னலைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தார்.

"டிராயர்ல கிடக்கு," என்றார் மெல்ல.

விளக்கு அணைந்தது.

பியூன் ஓடிப்போய் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தார். அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பெட்டி மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டு, உடனே அனுப்பச் சொன்னார் தலைமை ஆசிரியர். "இந்தப் பெட்டியை மட்டும் என் ரூம் பக்கம் கொண்டுவந்துடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்தியார்களும் பின்னாலேயே நழுவினார்கள்.

மேடம் கதவைச் சாத்தினார். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"பிரமாதம்டி. எத்தனை பேர் குரலைக் குடுத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கினே?"

வாயாடி மேசைக்கடியில் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அந்த ஓட்டைக் கம்ப்யூட்டர் எங்க மேடம் பழகுச்சு? நான்தான் காலால சுவிட்சை அமுக்கினேன்."