தலையாட்டிய பிறகு

என் மனைவி என்னை "ஐயா" என்று கூப்பிட்டாள்.

கல்யாணமாகி இருபத்திமூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலாடைக்கட்டிக் கடை ஃபிர்மேனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேசைத் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

பரீட்சை என்றால் அப்படித்தான். ஆர்புவாவில் உள்ள ஓட்டல் பள்ளியில், ஒயின் பரிமாறுகிறவர்களுக்கான சான்றிதழ்ப் பரீட்சையன்று, ஊர்க்காரர்கள் சிலரைக் கூட்டிவந்து வாடிக்கையாளர்களாக உட்கார வைப்பார்கள். மதிப்பெண் போடுகிறவர் மதாம் வெர்னியே. தாளும் பேனாவுமாகச் சுவரோரம் நின்றார். யார் எந்த மேசைக்குப் பரிமாறுவது என்று சீட்டுக் குலுக்கியதில், எங்கள் மேசை என் மனைவி ஒதீலுக்கு விழுந்தது.

நாற்பத்தாறு வயதில் இவளுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று ஊரே மூக்கின் மேல் விரலை வைத்தது. எங்கள் உணவகத்தில் ஒயினுக்கு நான் இருக்கிறேன். முப்பது வருடமாக இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் என் மூக்கை நம்பித்தான் பாட்டில் வாங்குகிறார்கள். அவள் அடுக்களையில் வாத்து வதக்குகிறவள்.

ஆனாலும் ஒன்றரை வருடம் விடாமல் படித்தாள். தினமும் காலையில் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, வரிசையாக வைத்த சின்னச் சீசாக்களை முகர்ந்து, செர்ரி, மிளகு, ஈரமண், புகை என்று சொல்லிக்கொண்டே போவாள். சீசாவின் அடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்வது என் வேலை.

தோற்றால் அடுத்த பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம். அவ்வளவு நாள் எங்களால் ஓட்ட முடியாது. அது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும்.

வாத்துக்குப் பொருத்தமாக ஒரு பழைய சிவப்பு ஒயின் கேட்டேன்.

லேபிளை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். சத்தம் வராமல் கார்க்கை உருவினாள், முகர்ந்தாள், சின்னத் தட்டில் வைத்தாள். வலப்பக்கமாக வந்து என் கோப்பையில் ஒரு விரல் அளவு ஊற்றினாள்.

கேட்டவன் ருசி பார்த்துத் தலையாட்டினால்தான் மற்றவர்களுக்கு ஊற்றலாம். அவன் ஆட்டிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

கோப்பையைச் சுழற்றினேன். மாதுளை நிறம், ஓரத்தில் செங்கல் சாயல். கண்ணை மூடி நிதானமாக முகர்ந்தேன். ஒரு மிடறு விழுங்கினேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் ஜம்பமாகவே தலையாட்டினேன்.

ஒதீல் ஊற்றவில்லை.

"மன்னிக்கணும் ஐயா. கார்க்கில தெரியல, கோப்பையில தெரியுது. இந்தப் பாட்டில் கெட்டுப்போயிருக்கு, வேற கொண்டு வர்றேன்."

ஃபிர்மேன் மேசைத் துண்டைக் கீழே வைத்தான்.

"ஏன் ஒதீல், காஸ்தோன் மூக்குக்கே பாடம் நடத்துறியா?" என்றான் ஃபிர்மேன், என்னைக் காட்டி.

அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டிலை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை வருட உழைப்பு அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மதாம் வெர்னியே சுவரை விட்டு வந்து என் கோப்பையை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனதுமே முகம் சுருங்கியது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றார். சில கார்க்குகள் ஒயினை இப்படிக் கெடுத்துவிடும், எந்தக் கடையிலும் நடப்பதுதான் என்றார். ஃபிர்மேன் உடனே தனக்கும் அப்போதே ஒரு மாதிரி இருந்தது என்று சொன்னான். அவன் கோப்பையில் ஒரு சொட்டு ஒயின்கூட விழுந்திருக்கவில்லை.

பிறகு மதாம் என் பக்கம் திரும்பினார். அப்படியானால் நான் எப்படித் தலையாட்டினேன் என்று கேட்டார்.

நான் மேசைத் துண்டை மடிக்கத் தொடங்கினேன்.

"அவருக்குத் தெரியாம இருக்குமா மதாம்? நான் பயந்துபோய் ஊத்திடறேனான்னு பார்த்தார்" என்றாள் ஒதீல்.

மேசை முழுவதும் சிரித்தது. சொந்தப் பெண்டாட்டிக்கே பொறி வைக்கிற பொல்லாத ஆள் என்று சொல்லி ஃபிர்மேன் என் முதுகில் அறைந்தான். நானும் பொல்லாத ஆளைப் போலவே சிரித்து வைத்தேன். வாடிக்கையாளர் தலையாட்டிய பிறகும் பாட்டிலைத் திருப்பி எடுத்தவர்களைத் தான் அதிகம் பார்த்ததில்லை என்று மதாம் வெர்னியே சொன்னார். தாளில் ஏதோ எழுதி, அதன் அடியில் இரண்டு கோடு போட்டு, ஒதீலின் கையைக் குலுக்கினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து நின்று, இது என் மனைவி என்று அந்தக் கூடத்துக்கே சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாடிக்கையாளர் அப்படிச் செய்யக்கூடாது என்பதால் உட்கார்ந்திருந்தேன்.

அவள் புதுப் பாட்டிலைத் திறந்து மறுபடி ஒரு விரல் அளவு ஊற்றினாள்.

சுழற்றினேன், முகர்ந்தேன், விழுங்கினேன். ஆனால் இந்த முறை கண்ணை மூடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் இமைகள் மெல்லத் தாழ்ந்து எழுந்தன.

தலையாட்டினேன்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு எனக்கு ஒரு காய்ச்சல் வந்துபோனது. காய்ச்சல் விட்ட வாரத்தில் ஒருநாள், அடுப்பில் பால் தீய்ந்து அடுக்களை முழுவதும் புகை மண்டி, வீடெங்கும் வாடை அடித்தபோது, நான் பக்கத்து அறையில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஓடிவந்த ஒதீல் அடுப்பை அணைத்தாள், என்னைப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் காலை இந்தப் பள்ளிக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போனாள்.