கார்வை இல்லாத அடி

"மறுபடி ஆரம்பிச்சுட்டாருடி அந்த ட்ரம் வாத்தியாரு! இனிமே காதுல பஞ்சை வச்சுக்கிட்டுத்தான் குடித்தனம் பண்ணணும்" என்று தலையில் அடித்துக்கொண்டே பட்டறைக்குள் வந்தாள் வீட்டுக்காரம்மா. மாடியில் தொப், தொப், தொப்.

பெரிய ட்ரம் ஒன்றுக்குத் தோல் மாட்டிக்கொண்டிருந்தவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள். இயற்பியலில் பட்டம் வாங்கியும் வேலை கொடுக்க நாதியில்லாமல் ட்ரம் பழுதுபார்ப்பவள் அவள்.

"வாத்தியார் கையா இது? தாளமே இல்லையேக்கா."

"பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாளாச்சாம். ஒத்தையில கெடக்கற மனுஷன், பாவம், என்னத்தையோ தட்டறாரு. அந்த மகராசி தப்பிச்சா!"

ஆம்பளை நாலு நாள் தனியாக இருந்தால் போதும், எல்லோருக்கும் பாவமாகிவிடும்.

"அதில்லக்கா, இதைக் கேளுங்க." தோலில் ஒரு தட்டுத் தட்டினாள். தொம்ம்ம் என்று நீண்டு, மெல்ல அடங்கியது. "தோல் அதிர்ந்தா உள்ள இருக்கற காத்தும் கூடவே அதிரும். அதான் இந்தக் கார்வை. மேல அடிக்கறது அடிச்ச இடத்துலயே செத்துப்போகுது. அது தோலே இல்ல, கட்டை."

"ரெண்டெழுத்துப் படிச்சுட்டா எல்லாத்துலயும் சந்தேகம்!"

சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் பட்டறை வாசலில் வாத்தியார். சட்டையின் மடிப்புக் கலையவில்லை. நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. விரலில் சாவிக்கொத்து சுழன்றுகொண்டிருந்தது.

"ஒரு ஜோடி குச்சி குடும்மா."

"காலையிலேர்ந்து அந்த அடி அடிச்சா குச்சி என்ன சார் பண்ணும்?" என்றாள் வீட்டுக்காரம்மா.

சாவிக்கொத்து சட்டென்று நின்றது. பிறகு சிரித்தார். "நான்தாம்மா, சாதகம் பண்ணிட்டிருந்தேன். கவலைப்படாதீங்க, இன்னையோட சத்தமே இருக்காது."

குச்சிக்குக் கையை நீட்டினார்.

தொப்.

மூவரும் மேலே பார்த்தார்கள்.

தொப். தொப். முன்னைவிட மெலிதாக.

பழுதுபார்ப்பவள் குச்சியைக் கொடுக்கவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"அது கதவு. சாவியக் குடுடா."