நான்கால் வகுத்த மீதி

அலுவலக வேன்களுக்கு ஆள் பிரிக்கும் கணினி நிரலை அவள்தான் எழுதினாள். வேனுக்கு நான்கு பேர், மிஞ்சுகிறவர்கள் மீதி. முதன்முதலாக ஓடவிட்டபோதே திரையில் ‘மீதி 4’ என்று வந்தது.

“நாலால வகுத்தா மீதி நாலு எப்படிடா வரும்?” என்றாள் பக்கத்து நாற்காலிக்காரனிடம். “நாலு பேர் மிஞ்சினா அது இன்னொரு வேன் ஆச்சே!”

அவனும் அலசிப் பார்த்தான். பிழை மருந்துக்குக்கூட இல்லை.

மாலையில் இருவரும் வேனில் ஏறியபோது அலுவலக வாசலில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். எதிரே காலி வேன் கதவைத் திறந்து வைத்திருந்தது.

“அவங்க ஏற மாட்டாங்கம்மா,” என்றார் டிரைவர். “எப்பவும் நின்னுக்கிட்டேதான் இருப்பாங்க.”

“இரு, என்னன்னு கேட்டுட்டு வந்துடறேன்,” என்று அவன் இறங்கிப் போனான்.

மறுநாள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவள் நிரலை ஓடவிட்டாள்.

மீதி 5.