ஒரே வக்கீல் போறும்

"இது நிஜ விவாகரத்து இல்லேடி, மதுரம். சும்மா காகிதத்துல மட்டும்தான்" என்றார் பஞ்சாபகேசன். "நில உச்சவரம்புச் சட்டத்துல புருஷன் பொண்டாட்டி ஒரே குடும்பம். பிரிஞ்சுட்டா ரெண்டு குடும்பம். தீர்ப்பு வந்ததும் பாதி நிலத்தை உன் பேர்ல எழுதிடறேன். இல்லேன்னா மிஞ்சினதை சர்க்கார்ல எடுத்துண்டு காத்தானுக்குப் பட்டா போட்டுக் குடுத்துடுவா!"

காத்தான் அவர்களுடைய பண்ணையாள். அவன் செருப்புப் போட்டு நடந்தாலே மதுரத்துக்கு வயிறு எரியும்.

"செலவாகுமேன்னா?"

"சண்டை போட்டாத்தான் செலவு. ஜீவனாம்சம் வேண்டாம்னு நீ எழுதிக் குடுத்துட்டா, ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போறும்."

வக்கீல் ஃபீஸுக்குத் தன் வளையலையே கழற்றிக் கொடுத்தாள் மதுரம். பிரிந்து வாழ்வதாகக் காட்ட, கும்பகோணத்தில் அண்ணா வீட்டில் மன்னியின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தாள். தஞ்சாவூர் கோர்ட்டில் சிரித்த முகமாகக் கையெழுத்துப் போட்டாள்.

தீர்ப்பு வந்த மறுநாளே பெட்டியோடு ஊருக்கு பஸ் ஏறினாள். வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் காத்தான் நின்றான்.

"என்னடா, பட்டா வரும்னு கனா கண்டியோ? ஒரு குழி நிலம்கூட உனக்குக் கிடைக்காது!"

காத்தான் விழித்தான்.

"எந்த நிலம்மா? போன தையிலேயே வீட்டோட சேத்து அதிராம்பட்டினத்து மரைக்காயருக்கு ஐயா வித்துட்டாங்களே! மெட்ராஸுல குடியிருக்கப் போறோம்னாங்க. அன்னிக்கு உங்க தங்கச்சியும் கூட வந்திருந்தாங்களேம்மா?"

மதுரத்துக்குத் தங்கை கிடையாது.