இருபத்து நான்காவது கதவு

அண்ணன் தவறிப்போன பிறகு கட்டட எஸ்டிமேட்டை அண்ணியும் நானும்தான் போடுகிறோம். பள்ளிக்கூட டெண்டரும் கைநழுவினால் கடையைக் கட்ட வேண்டியதுதான். அண்ணி வரைபடத்தில் எண்ணிச் சொன்ன கதவுகள் இருபத்து மூன்று. அப்படியேதான் எழுதினேன். டெண்டர் உறையை ஒட்டும்போது பார்த்தால் தாளில் இருபத்து நான்கு என்றிருந்தது.

"உங்கண்ணன் எப்பவும் ஒண்ணு கூட்டித்தான் போடுவாரு. இருக்கட்டும் விடு," என்றார் அண்ணி.

வேலை எங்களுக்கே கிடைத்தது. தச்சர் கணக்குப்படி செய்ததில் ஒரு கதவு மிஞ்சியது. அதை ஆபீஸ் சுவரில் சாய்த்து வைத்தேன்.

இன்று காலை அடுத்த டெண்டருக்கு எண்ணிக்கொண்டிருந்தோம். சுவர்ப் பக்கமிருந்து அந்தக் கதவை யாரோ தட்டினார்கள்.

அண்ணி வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தாழ்ப்பாளே போடலையே, வாங்க. இங்க ஜன்னல் கணக்கு உதைக்குது."