உடன் வந்தவர்

அந்த அருங்காட்சியகத்தில், பார்வையாளர்கள் எழுதிப் போடும் கருத்துப் படிவங்களைக் கட்டிப் பரணில் ஏற்றுவதுதான் வழக்கம். புதிதாக வந்த எழுத்தர் மட்டும் கர்மசிரத்தையாக ஒவ்வொன்றையும் படித்தாள். முடிந்ததைச் செய்தும் கொடுத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஊதா மையில், இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில் ஒரு படிவம் வந்தது. வயது: 70. உடன் வந்தவர்: யாருமில்லை. குறை: கிளிஞ்சல் அறையில் உட்கார இடமில்லை. அவள் அங்கே ஒரு நாற்காலி போட்டாள்.

அடுத்த செவ்வாய் அதே மை, அதே கையெழுத்து. வயது மட்டும் 60. பெயர்ப்பலகை எழுத்து பொடியாக இருக்கிறதாம். பெரிதாக்கினாள். அப்புறம் 50, 40, 30, 20. வாரம் ஒரு குறை வந்தது, ஒவ்வொன்றையும் தீர்த்துவைத்தாள். உடன் வந்தவர் மட்டும் எப்போதும் யாருமில்லை.

ஏழாவது வாரம் எழுத்து கோணல்மாணலாகியிருந்தது. வயது 10. கண்ணாடிப் பெட்டி எட்டவில்லையாம்.

“யாரோ நம்மளை வச்சு விளையாடுறாங்க மேடம்,” என்றார் காவலாளி.

“விளையாடட்டும். கேட்டதெல்லாம் நியாயமாத்தானே இருக்கு? ஒரு முக்காலி கொண்டாந்து போடுங்க.”

சொன்ன பிறகுதான் அடுத்த வரியைக் கவனித்தாள். உடன் வந்தவர்: அம்மா. ஏனோ அன்று முழுக்க அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

எட்டாவது செவ்வாய், இனி என்ன வயது வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, தயங்கித் தயங்கித்தான் கருத்துப் பெட்டியைத் திறந்தாள். அதே ஊதா மை. ஆனால் கையெழுத்து வேறு யாருடையதோ, நிதானமான குண்டு எழுத்து.

‘வயது: 26. உடன் வந்தவர்: வயிற்றில் ஒருவர். குறை: ஒன்றுமில்லை. நிறைமாதம், நிற்க முடியவில்லை. அந்த நாற்காலியைப் போட்டவர் நன்றாக இருக்கட்டும்.’